ராஜேஷ்குமார் சாரின் அறுபது தாய்மார்

ஓசூரில் எங்கள் பி.எட். கல்லூரியில் ராஜேஷ்குமார் சாருக்கு எட்டு வருஷ சர்வீஸ். வரும் ஜூனுக்குள் டாக்டர் பட்டம் வாங்காவிட்டால் வேலை கிடையாது என்று நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது. ஆபீஸ் கிளார்க்கான எனக்கே அன்று பாவமாக இருந்தது. அந்தப் பாவம் ரொம்ப நாள் தாங்கவில்லை.

வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகள் ஏன் பள்ளியை விட்டு நின்றுவிடுகிறார்கள் என்பது அவருடைய ஆய்வு. ஓசூரை ஒட்டி, தெலுங்கும் கன்னடமும் புழங்கும் மத்திகிரியில் அறுபது தாய்மாரைப் பேட்டி எடுக்க வேண்டும். மனிதர் ஒரே ஒரு நாள் டவுன் பஸ் ஏறிப் போனார். எல்லாரும் ஷிஃப்டுக்குப் போயிருந்தார்கள், வீடுகள் பூட்டிக் கிடந்தன. திரும்பி வந்து ஃபேனைப் போட்டுக்கொண்டு, நீயே அறுபது தாயாக இருந்து பதில் சொல் என்று கம்ப்யூட்டரில் சாட்பாட்டிடம் கேட்டார். அதற்கென்ன வலிக்கவா போகிறது? டீ ஆறுவதற்குள் அறுபது பேரும் பேசி முடித்துவிட்டார்கள்.

அடேயப்பா, என்ன அடக்கம்! ஒருத்திகூடத் தெலுங்கில் திட்டவில்லை, கன்னடத்தில் அலுத்துக்கொள்ளவில்லை. கல்வி பற்றிய விழிப்புணர்வு எங்களுக்குப் போதவில்லை என்று அத்தனை பேரும் மேடைப் பேச்சு பேசினார்கள். மத்திகிரி குழாயடியில் ஒரு குடம் பிடித்தவன் இதை நம்புவானா? சார் இதை வைத்து இருநூற்று எண்பது பக்கம் எழுதினார்.

எங்கள் கல்லூரியிலேயே நடந்த வாய்மொழித் தேர்வுக்குத் தேர்வாளராக வெளியூரிலிருந்து வந்த சுகுணா மேடம் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். இந்த அறுபது பேரில் ஒருவரை அழைத்து வாருங்கள், அதுவரை டீ குடிக்கிறேன் என்றார். சார் வராந்தாவுக்கு ஓடினார். எங்கள் கல்லூரியில் கூட்டிப் பெருக்கும் நஞ்சம்மா அங்கே நின்றிருந்தாள். அவள் மத்திகிரிக்காரி. விழிப்புணர்வு வசனத்தை மூன்று தரம் சொல்லிக் கொடுத்து உள்ளே அனுப்பினார்.

மேடம் அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லி, பிள்ளைகள் படிக்கிறார்களா என்று கேட்டார். அந்த அறையில் உட்கார்ந்து பழக்கமில்லாத நஞ்சம்மாவுக்கு வசனம் மறந்தே போய்விட்டது.

"பெரியவள எட்டாவதோட நிறுத்திட்டேன் மேடம். நான் காலைல ஆறு மணிக்கே இங்க பெருக்க வந்துடணும். கைப்புள்ளய ஆரு பாக்கறது?"

"இத இவர்கிட்ட சொன்னீங்களா?"

"சார் கேக்கலீங்களே. தெனமும் ரூம் கூட்டறப்ப காலத் தூக்கிக்குவாரு, அவ்ளோதான்."

மேடம் ஆய்வேட்டை மூடி, முதலிலிருந்து செய்து வாருங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜூன் கெடு கைவிட்டுப் போனது சாருக்கு அப்போதே புரிந்துவிட்டது. பேனாவும் காகிதமுமாக நஞ்சம்மாவின் பின்னால் ஓடினார். அவளோ, கீழ்த்தளம் இன்னும் பெருக்கப் பாக்கி இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன், நில்லுங்கள் சார் என்றாள். அவர் நின்றார்.