தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

என் பெரியப்பா மகனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத என்னால் முடியாது. முயற்சி செய்யவும் போவதில்லை. சிதம்பரம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் எங்கள் தாத்தா வீட்டைத் தன் அப்பா பேருக்கு மாற்ற, வாரிசுச் சான்றிதழ் கேட்டு மனு கொடுத்திருந்தான். அதில் தாத்தாவுக்கு ஒரே மகன், அது பெரியப்பா மட்டும்தான் என்று எழுதியிருந்தான். இளைய மகனான என் அப்பா கடலூரில் என் வீட்டில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். தாலுகா ஆபீஸ் கணக்கில் அவர் பிறக்கவே இல்லை.

அந்த ஓட்டு வீட்டுக்காக அப்பா அலட்டிக்கொள்ளவில்லை. "வூட்ட அவனே வெச்சிக்கட்டும். எங்கப்பாவுக்கு நான் புள்ள இல்லன்னு மட்டும் எழுதக் கூடாது" என்றார். சொல்லிவிட்டு அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டைத் தொடவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

பிறப்புப் பதிவின் நகல் ஒன்று கிடைத்தால் அவன் வாயை அடைத்துவிடலாம் என்று நினைத்தேன். கடலூரில் கேட்டால் பழைய பதிவெல்லாம் சிதம்பரத்தில் இருக்கும் என்றார்கள். சிதம்பரத்தில் கேட்டால் எல்லாவற்றையும் கடலூருக்கு அனுப்பியாச்சே என்றார்கள். ஒரு நாள் பதிவறைக்கு ஆள் வரவில்லை. ஆள் வந்த நாளில் சாவி வரவில்லை. அந்த ரூட்டில் ஓடுகிற கண்டக்டர்கள் நான் ஏறியதும் கேட்காமலே டிக்கெட் கிழிக்கிற அளவுக்கு அலைந்தேன். முகத்தைப் பார்க்காமல் பேசும் குமாஸ்தாக்களிடம் நானும் முகத்தைப் பார்க்காமலே பேசப் பழகினேன்.

கடைசியில் நகல் கிடைத்தது. தாத்தா வீட்டுத் தெருவில் அப்பா பிறந்த நாளில் பிறந்தது ஒரே ஓர் ஆண் குழந்தை. தேதி சரி, ஊர் சரி. பெற்றவர்கள் என்ற இடத்தில் மட்டும் எதிர்வீட்டுப் புருஷன் பெண்டாட்டியின் பெயர்கள் இருந்தன. பஸ் ஸ்டாண்டில் நின்றபடி அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கிழித்துப் போட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் பெரியப்பா மகன் எனக்கு முன்பே ஒரு நகல் வாங்கி மனுவோடு சேர்த்துவிட்டான் என்பது பிறகு தெரிந்தது.

அப்பாவிடம் காட்டினேன். இடிந்துபோவார் என்று பயந்தேன். அவரோ சிரித்தார். பெரியப்பாவுக்கும் அவருக்கும் நடுவில் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. அதனால் இவர் பிறந்ததுமே எதிர்வீட்டுக்காரர்களுக்குத் தவிட்டுக்கு விற்றுவிட்டார்கள். ஒரு முறம் தவிடு கை மாறியது, பிள்ளையும் கை மாறியது. எமனை ஏமாற்ற எங்கள் பக்கம் செய்கிற வழக்கம்தான். சில மாதம் கழித்துத் திரும்பி வாங்கிக்கொள்வார்கள். அதுவரை பெற்றவள் தன் வாயால் அது தன் பிள்ளை என்று சொல்லக் கூடாது. சொன்னால் பலிக்காது. பிறப்பு எழுத வந்த ஊர்க் கணக்குப்பிள்ளை கேட்டபோது, பால் கட்டிய மாரோடு நின்றுகொண்டு, "அது எதிர்வூட்டுக் கொழந்த" என்றிருக்கிறாள் அப்பாவைப் பெற்றவள். அவரும் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். அப்பா நகலை மடித்து என்னிடம் கொடுத்தார்.

"என்ன வித்தத எழுதிட்டாங்க. திரும்பி வாங்கனத யாரும் எழுதல."

பள்ளிக்கூடச் சான்றிதழில் தாத்தா பெயர்தான் இருந்தது. அதெல்லாம் வாயால் சொல்லி எழுதியது, செல்லாது என்றார்கள் தாலுகா ஆபீஸில். இந்தப் பதிவை மட்டும் வானத்திலிருந்து இறக்கினார்களா என்று கேட்டேன். சாட்சிக்காக எதிர்வீட்டுக்குப் போனோம். அங்கே இப்போது இருக்கும் பேரன், அவர்கள் சொத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறோம் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டான். ஒரு வீட்டில் இல்லாத பிள்ளை, இன்னொரு வீட்டில் வேண்டாத பிள்ளை.

மிஞ்சியது பெரியப்பா. அப்பாவை விடப் பத்து வயது மூத்தவர். தவிட்டு முறத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனதே அவர்தான். அதை அந்தக் காலத்தில் எல்லாக் கல்யாணத்திலும் சொல்லி அப்பாவைக் கேலி செய்வாராம். விசாரணை நாளில் மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வருவாய் ஆய்வாளர் கேட்டதும், எதிர்வீட்டுப் பிள்ளையைத் தன் அம்மா பரிதாபப்பட்டு வளர்த்தாள் என்றார். ஒப்பித்த மாதிரி இருந்தது.

அப்பா அவரையே பார்த்தார்.

"அண்ணே, தவுட்டத் தூக்கினு போனது நீதான?"

"எனக்கு ஞாபகம் இல்ல."

வாக்குமூலத்தில் பெரியப்பா கையெழுத்துப் போட்டார். மகன் விரலால் இடம் காட்டினான். அந்த விரலை ஒடிக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு. வாழ வைக்க ஒருத்தி பிள்ளையை மறுத்தாள். ஓர் ஓட்டு வீட்டுக்காக இந்த மனுஷன் தம்பியை மறுக்கிறார்.

அப்பா எழுந்தார். ஆபீஸ் வாசற்படியில் முதல் படிக்குக் காலை நீட்டியதும் முட்டி மடங்கித் தடுமாறினார். நான் பிடிப்பதற்குள் உள்ளேயிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது.

"டேய், செவுத்தப் புடிச்சினு எறங்கு. நம்ம அப்பாவோட முட்டிடா ஒனக்கு."

அறையில் எல்லோருக்கும் அது கேட்டது. பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் மகன் செல்போனைப் பார்த்தான். நான் அப்பாவைச் சுவரோரம் நிறுத்திவிட்டுத் திரும்பி உள்ளே போனேன். இப்போது சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள் என்று ஆய்வாளரிடம் சொன்னேன். அவர் ஃபைலின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"வாக்குமூலம் முடிஞ்சிடுச்சும்மா" என்றார்.