பெருக்கிய பாதையை மறுபடியும் பெருக்கியவள்

ரோஸ்வித்தா வைட்மனுக்கு அறுபத்தேழு வயது. அவளுடைய முதுகைக் கேட்டால் தொண்ணூறு என்று சொல்லும்.

ஸ்டுட்கார்ட் நகரத்துக்கு மேலே, டேகர்லோக் குன்றில், நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு சாராய வியாபாரி கட்டிய வீட்டின் முதல் மாடியில் அவளும் கணவன் எபர்ஹார்டும் முப்பத்தொரு வருஷமாகக் குடியிருந்தார்கள். தெரு முழுக்க மரங்கள். மே மாதம் அந்தத் தெருவில் நடந்து போகிறவர்கள், "இங்கே வாழக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்" என்பார்கள். நவம்பரில் வந்து அந்த இலைகளை அள்ளிப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

எபர்ஹார்ட் குன்றுக்கு ஏறும் பல்சக்கர ரயிலை ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ரோசி என்ற அவளுடைய செல்லப் பெயர், ஆமா, இல்ல, சரி. அவருக்கு மிஞ்சிய வார்த்தைகள் அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று இடது கையால் கோணல்மாணலாக எழுதிக் காட்டினார்: 'முதியோர் இல்லத்துக்கு அனுப்பாதே.' அவள் அவர் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தாள். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் என்பது அரை அரை மணியாகத்தான் கிடைத்தது.

வியாழக்கிழமை நாத்தனார் குட்ருன் தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணி, அந்த முதியோர் இல்லத்துல ஒரு எடம் காலியாயிருக்கு. திங்கக்கெழமைக்குள்ள சொல்லணுமாம். ஞாயித்துக்கெழம மத்தியானம் கையெழுத்துப் போடற பாரத்த எடுத்துட்டு வர்றேன்."

"எதுக்கு? எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல."

"உங்களுக்கு எப்ப அண்ணி கஷ்டம் இருந்திருக்கு? கண்ணாடியப் பாத்து எத்தன நாளாச்சு?"

"நீ வந்து வீட்டப் பாரு. ஒரு தூசி இருந்தா அப்பறம் பேசு."

வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் நினைவு வந்தது, அது அவளுடைய பெருக்கு வாரம்.

அந்த ஊரில் கல்யாணப் பத்திரத்தைத் தொலைத்தாலும் மன்னிப்பார்கள், பெருக்கு வாரத்தைத் தவறவிட்டால் மன்னிக்க மாட்டார்கள். யாருடைய முறையோ அவர்கள் வீட்டுக் கதவில் ஒரு சின்ன மரப்பலகை தொங்கும். சனிக்கிழமைக்குள் படிக்கட்டைத் துடைத்து, வாசல் பாதையைத் தெருவரைக்கும் பெருக்கிவிட்டுப் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை துடைப்பத்தைத் தொடவே கூடாது. மேல்மாடி ஆறு மாதமாகப் பூட்டிக் கிடந்ததால் ஒரு வாரம் இவள், மறுவாரம் கீழ்வீட்டு ஹாகர் அம்மாள். எண்பத்தொரு வயதிலும் ஹாகர் அம்மாள் படிக்கட்டின் மூலையில் விரலை விட்டுப் பார்க்கிற ரகம்.

சனிக்கிழமை மத்தியானம் எபர்ஹார்டுக்குப் பயற்றங்கஞ்சியை ஊட்டிவிட்டு, அவரை ஜன்னலோரச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தாள் ரோஸ்வித்தா. ஒரு பூட்ஸை மாட்டினாள். அடுத்த பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிப் போனாள்.

விழித்தபோது மணி நாலு. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. 'ஐயோ' என்று துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

கதவில் பலகை இல்லை.

படிக்கட்டில் சோப்பு வாசனை. வாசல் பாதை, ஒவ்வொரு கல்லும் தெரியப் பெருக்கி விடப்பட்டிருந்தது. வேலியோரம் ஏழு கோணிகளில் இலை. கீழ்வீட்டுக் கதவில் பலகை ஒழுங்காகத் தொங்கிக்கொண்டிருந்தது.

ரோஸ்வித்தாவுக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது. ஒருத்தியின் முறையை அவள் கேட்காமல் இன்னொருத்தி செய்வதென்றால் என்ன அர்த்தம்? 'உனக்கு வீடு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை' என்று தெருவறிய முகத்தில் அறைவதுதான். நாளைக்குக் குட்ருன் வருவாள். இந்த ஹாகர் கிழவி வாசலிலேயே நின்று, "உங்க அண்ணியால முடியலம்மா, நான்தான் பெருக்கினேன்" என்பாள். அதற்குப் பிறகு பாரத்துக்குப் பேனா கூடத் தேவைப்படாது!

கதவைத் தட்டவில்லை. பலகையைப் பிடுங்கித் தன் கதவில் மாட்டினாள். பாதைக்கு இறங்கி, பெருக்கிய இடத்தையே மறுபடியும் பெருக்கத் தொடங்கினாள். கல்லில் துடைப்பம் உரசும் சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. ஒரு இலை விழுந்தாலும் அதன்மேல் பாய்ந்தாள். கண்ணீர் தாடையில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

மேலே ஜன்னலில் எபர்ஹார்ட் இடது கையால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார். சுத்தமான தரையை அவள் பெருக்குவது அவருக்குத் தெரிந்தது. நிறுத்து என்று சொல்ல அவரிடம் வார்த்தை இல்லை. நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார்.

அவர் விழுந்த சத்தம் வாசல்வரைக்கும் கேட்டது.

ரோஸ்வித்தா மூச்சிரைக்க மேலே ஓடினாள். அவர் தரையில் பக்கவாட்டில் கிடந்தார். கண் திறந்திருந்தது. அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாம் முறை அவளே அவர் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தாள்.

படியில் கைத்தடிச் சத்தம். ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல். ஹாகர் அம்மாள் வந்து நின்றாள்.

"அசைக்காதீங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன்."

"இப்ப சந்தோஷமா ஒங்களுக்கு?" ரோஸ்வித்தா வெடித்தாள். "என் மானத்த வாங்கணும்னே பெருக்குனீங்க இல்ல?"

"அடியே பைத்தியம்!" முப்பத்தொரு வருஷத்தில் முதல் முறையாக ஹாகர் அம்மாள் மரியாதையை விட்டாள். "இந்த இடுப்ப வச்சுக்கிட்டு ஏழு கோணி அள்ளுனேன். மானத்த வாங்கறதுக்கு இவ்வளவு சிரமப்படுவாங்களா?"

சுவரைப் பிடித்து மெல்ல இறங்கி, அவளும் தரையில் உட்கார்ந்தாள்.

"ராத்திரி நாலு தடவ நீ எந்திரிக்கிற. என் தலைக்கு மேலதான நடக்கிற? உன் கூடவே நானும் முழிச்சுக் கிடக்கேன்."

"கதவத் தட்டிக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா விட்டிருப்பியா?"

ரோஸ்வித்தா எபர்ஹார்டின் சட்டையை இழுத்துச் சரிசெய்தாள்.

"என் வீட்டுக்காரர நான் அஞ்சு வருஷம் பாத்தேன்" என்றாள் ஹாகர் அம்மாள், குரல் தாழ்ந்து. "யாரையும் ஒரு கை கொடுக்க விடல. அவரு செத்த அன்னிக்கு நான் அழல. படுத்துத் தூங்கினேன். மூணு நாள் தூங்கினேன். மனுஷன் போன துக்கத்த விட, தூங்கக் கெடச்சதுதான் பெருசா இருந்துச்சு எனக்கு. இத யார்கிட்டயும் சொன்னதில்ல. அவரு கடைசியா என்னப் பாத்த பார்வையில, பொண்டாட்டியக் காணோம். அலுத்துப்போன ஒரு நர்ஸம்மாதான் இருந்தா."

அறை இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட ஒருவருக்கும் எழத் தெம்பில்லை.

எபர்ஹார்டின் இடது கை தரையில் ஊர்ந்து வந்து ரோஸ்வித்தாவின் கையைப் பிடித்தது. அவள் விரல்களை மடக்கி, பேனா பிடிப்பதுபோல் குவித்து, தன் அசையாத வலது உள்ளங்கையில் கிறுக்க வைத்தார். இரண்டாம் முறை கிறுக்க வைத்தபோதுதான், பாரத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"முடியாது" என்றாள் அவள். "சத்தியம் பண்ணியிருக்கேன். அதெல்லாம் முடியாது."

"ரோசி." அவர் உதடு கோணியது. "சரி... சரி."

அவர் மார்பில் முகத்தைப் புதைத்து அழுதாள். ஹாகர் அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து அவரைத் தூக்கிப் பார்த்து, எலும்பு எதுவும் முறியவில்லை என்று சொல்லிப் படுக்கையில் கிடத்திவிட்டுப் போனார்கள்.

மறுநாள் மத்தியானம் குட்ருன் வந்தாள். சண்டைக்குத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டு வந்தவளுக்கு, அண்ணி பேசாமல் கை நீட்டிப் பாரத்தை வாங்கியதும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

ரோஸ்வித்தா ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கையெழுத்துப் போடும்போது கை நடுங்கும் என்று நினைத்திருந்தாள். நடுங்கவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது.

"அண்ணி... தப்பா எடுத்துக்காதீங்க" என்று குட்ருன் தழுதழுத்தாள்.

"அங்க பாக்க எப்ப விடுவாங்க?"

"காலைல பத்துலேருந்து பன்னெண்டு. அப்பறம் மூணுலேருந்து ஆறு."

"ரெண்டு வேளையும் வருவேன்னு எழுதிக்கச் சொல்லு" என்றாள் ரோஸ்வித்தா. "தூங்கி எந்திரிச்சிட்டு வருவேன்."