கூப்பிடாமல் ஏறிய படகு

எங்கள் பெரியப்பா மகள் அன்னெஸோ, கிரீஸில் டீலோஸ் தீவில் பிறந்தவள். பெரியப்பா அங்கே பழங்காலக் கோயில் இடிபாடுகளுக்குக் காவல்காரர். வடக்குக் காற்று விடாமல் அடித்ததில் பெரியம்மாவை எங்கள் மீக்கோனோஸ் தீவுக்குக் கொண்டுவர வழியில்லாமல், காவல் வீட்டிலேயே பிரசவம் ஆயிற்று. அந்தத் தீவில் யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது என்று ஆதிகாலத்தில் சட்டம் வைத்திருந்தார்களாம். அதனால் யாருக்குக் கோபம் வந்தாலும், "சட்டத்தை மீறிப் பொறந்தவதானே நீ" என்று அவளைக் குத்திக்காட்டுவார்கள்.

பத்து வயதில் குடும்பத்தோடு இந்தக் கரைக்கு வந்தவள், ஓட்டலில் படுக்கை விரிப்பு துவைத்து இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினாள். துணி உலர்த்தும் மாடியிலிருந்து பார்த்தால் டீலோஸ் தெரியும். ஆனால் திரும்பப் போனதில்லை. "எங்க ஓடிடப் போகுது" என்பாள்.

போன வருஷம் கண் டாக்டர், போன பார்வை வராது, இருப்பதும் மெல்லப் போய்விடும் என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே என் வீட்டுக்கு வந்தாள். "இந்தக் கோடையில டீலோஸைப் பாத்துடணும். நீயும் வா."

தீவு அரை மணிப் பயணம். இதற்கு என்ன பெரிய திட்டம் என்று கேட்பீர்கள். அந்தத் தடத்தில் படகு ஓட்டுகிறவன் அவள் தம்பி யாகுமிஸ். இருவருக்கும் பேச்சு நின்று பல வருஷம்.

எல்லாம் அன்னெஸோவின் மருமகள் செய்த வேலை. ஏதென்ஸ்காரி, நல்ல பெண்தான். டிசம்பரில் புனித அன்னாள் திருநாள்; அந்தப் புனிதையின் பெயர் வைத்திருப்பதால் அன்னெஸோவுக்கு அது பெயர்நாள், எங்களுக்குப் பிறந்தநாள் மாதிரி. பெயர்நாளுக்கு நாங்கள் யாரையும் அழைப்பதில்லை. கதவு திறந்திருக்கும், வேண்டியவர்கள் வருவார்கள். மருமகள் அதை மரியாதைக் குறைவென்று நினைத்து யாகுமிஸுக்குப் போன் போட்டு, "எட்டு மணிக்கு அவசியம் வந்துடுங்க" என்று அழைத்துவிட்டாள்.

"எங்கக்கா வீட்டுக்குப் போக எனக்கு அழைப்பா? நான் என்ன அசலூரானா?" என்றவன், அதன்பிறகு வாசல் மிதிக்கவில்லை. அவளும் போய்ச் சமாதானம் சொல்லவில்லை. பெரியப்பாவின் பிடிவாதம் இருவருக்கும் சரிபாதி.

முதலில், அவன் படகில் ஏறாமலிருக்க, பக்கத்து டீனோஸ் தீவுக்குக் கப்பலில் போய் அங்கிருந்து டீலோஸ் படகு பிடிக்கலாம் என்றாள்.

"எதுத்த வீட்டுக்குப் போக ஊரையே சுத்துவியாக்கா?"

பிறகு, யாகுமிஸ் படகு எடுக்காத திங்கட்கிழமை போகலாம் என்றாள். திங்கட்கிழமை தீவே மூடியிருக்கும். கடைசியில் நான் துறையில் விசாரித்தேன். படகுகள் முறை வைத்து ஓடுகின்றன, வியாழன் யாகுமிஸுக்கு முறை இல்லை. அதுதான் நாள் என்று தொப்பியும் தண்ணீரும், குமட்டினால் முகர ஒரு எலுமிச்சையும் எடுத்து வைத்தோம்.

அந்த வியாழன் காற்று. படகு விடவில்லை. அடுத்ததும் அப்படியே. ஆகஸ்டும் காற்றில் போயிற்று. அதற்குள் அவளுக்குப் பக்கவாட்டில் வருகிறவர்கள் தெரிவது நின்றுவிட்டது. செப்டம்பரில் ஒரு வியாழன் கடல் அடங்கியது. துறைக்குப் போனால், மற்றப் படகு பழுதாம்; ஏறும் பலகையருகே யாகுமிஸ் நிற்கிறான்.

"திரும்பிடலாமாக்கா?"

"கண்ணு திரும்பி வருமாடி?" என்று வரிசையில் நின்றாள்.

அவள் முறை வந்தது. அவன் மேலும் கீழும் பார்த்தான். "யாரு கூப்பிட்டாங்க?"

"யாரும் கூப்பிடலை. கூப்பிடாமத்தான் வந்திருக்கேன்."

வரிசை நகரவில்லை. பின்னால் ஒரு பிரெஞ்சுக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"வலது காலை எடுத்து வை. பலகை ஈரம்." முழங்கையைப் பிடித்து ஏற்றி, சுக்கான் அருகில் தன் நாற்காலியில் உட்கார்த்தினான். "குமட்டினா முன்னாடியே சொல்லு. சின்ன வயசுல என் சட்டை மேலதான் வாந்தி எடுப்ப."

தீவில் படகை ஆளிடம் விட்டுவிட்டு அவனே அவளை நடத்திப் போனான். காவல் வீடு பூட்டிக் கிடந்தது. ஜன்னல் இடுக்கில் முகத்தை வைத்துப் பார்த்தாள்.

"உள்ள என்னடா இருக்கு?"

"சிமென்ட் மூட்டை."

"அடுப்பு?"

"அதுக்கு மேலதான் மூட்டையே."

"அப்ப இருக்கு," என்றாள்.

டிசம்பரில் மருமகள் போனைத் தொடவே இல்லை. யாகுமிஸ் ஏழு மணிக்கே வந்துவிட்டான். மேஜையில் அவனுக்கும் ஒரு தட்டு வைத்திருந்ததைப் பார்த்து, "நான் வருவேன்னு யாரு சொன்னா?" என்று அக்காவிடம் சண்டைக்குப் போனான்.