பேசாத மூன்றில் ஒரு பங்கு

வியாழக்கிழமை காலை எட்டேகால் மணிக்குக் களியக்காவிளையில் இறங்கினேன். நாகர்கோவிலில் நான் ஏறிய பேருந்து அதோடு சரி. அங்கிருந்து கேரள அரசுப் பேருந்தில் பாறசாலைக்கு மூன்று கிலோமீட்டர் போக வேண்டும். நடுவில் எங்கோ ஒரு மாநிலம் முடிந்து இன்னொன்று தொடங்கியிருக்கிறது. கடைப் பலகைகளில் எழுத்து மாறியதே தவிர, பக்கத்து இருக்கைப் பெண்கள் இருவரும் அதே தமிழில்தான் மீன் விலையைத் திட்டிக்கொண்டு வந்தார்கள். இவ்வளவு சத்தமில்லாமல் ஓர் எல்லை கடந்துபோனது எனக்குப் பிடிக்கவில்லை. அன்று எனக்கு எதுவுமே பிடிக்கிற மனநிலையில்லை.

நான் ஊர் பார்க்க வரவில்லை. என் ஆய்வு மாணவி ஷைனி ஒரு மோசடி செய்திருக்கிறாள் என்று நம்பி, அதை அவள் வாயாலேயே கேட்க வந்தேன்.

எங்கள் ஆய்வகம் சென்னையில் இருக்கிறது. சீரியம் கலந்த சில உலோகப் படிகங்களைக் குளிரவைத்தால் அவற்றுக்குள் ஓடும் எலெக்ட்ரான்கள் பல நூறு மடங்கு கனமானவை போல நடந்துகொள்ளும். கல்யாண வீட்டில் பந்திக்குப் போகிறவரை வழியெல்லாம் சொந்தக்காரர்கள் கையைப் பிடித்து நிறுத்துவது போலத்தான். ஆள் பருக்கவில்லை, நடைதான் கனத்துவிட்டது. இவற்றுக்குக் கனஃபெர்மியான் பொருள்கள் என்று பெயர். அந்தக் கனத்துக்குள் காந்தத் தன்மை ஒளிந்திருக்கிறதா என்பதுதான் எங்கள் கேள்வி. இந்தக் கரையோரக் கருமணலிலேயே சீரியம் கிடக்கிறது. நாங்கள் அதை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம் என்பது வேறு கதை.

ஷைனி வளர்த்த படிகங்களை இரண்டு வழியில் சோதித்தோம். ஒன்று காந்த ஒத்ததிர்வு, என்.எம்.ஆர். படிகத்தில் ஏற்கெனவே இருக்கும் அணுக்கருக்களை ரேடியோ அலையால் தட்டி, அவை தரும் பதிலைக் கேட்பது. அதை எங்கள் கூடத்திலேயே செய்தோம். காந்தம் இல்லை என்றது. இன்னொன்று மியூவான். முடுக்கியிலிருந்து வரும் இந்தத் துகளைப் படிகத்துக்குள் வெளியிலிருந்து செலுத்த வேண்டும். அது விழுந்த இடத்திலேயே நின்று சுழன்று, சராசரியாக இரண்டு மைக்ரோ விநாடியில் அழிந்துபோகும்போது, அங்கே காந்தம் இருந்ததா என்று காட்டிவிடும். அதற்காக ஒரு துண்டை வெளிநாட்டுக்கு அனுப்பினோம். படிகத்தில் மூன்றில் ஒரு பங்கு காந்தமாகிவிட்டது என்று அங்கிருந்து பதில் வந்தது.

ஒரே படிகம் இரண்டு பதில் சொல்லாது. ஆகவே துண்டு மாறியிருக்கிறது, அல்லது மாற்றப்பட்டிருக்கிறது. இப்படி நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த வாரத்தில்தான் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஷைனி ஊருக்குப் போனாள். போனை எடுக்கவில்லை. மீதிப் படிகங்கள் இருந்த பெட்டியும் இழுப்பறையில் இல்லை. அனுப்பிய துண்டு சரியானதுதானா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லும்படி வெளிநாட்டுக் குழுவின் தலைவர் கேட்டிருந்தார். ‘சந்தேகம்’ என்று நான் ஒரு வரி எழுதினால் ஐந்து வருட உழைப்போடு அவள் முனைவர் பட்டமும் போகும்.

பாறசாலையிலிருந்து கொல்லயிலுக்கு ஆட்டோவில் எண்பது ரூபாய். சாலையின் ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மறுபக்கம் அறுத்துவிட்ட வயல். ஓட்டுநர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“ஆரு வீட்டுக்காக்கும்?”

“வில்சன் வீடு. பொண்ணு சென்னையில் படிக்கிறாளே.”

“அது செரி. கல்யாணக் காரியமா?”

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு பெண்ணைப் பற்றி ஊரில் விசாரிக்க அதைவிட வசதியான வேடம் கிடையாது.

அவரே வண்டியைச் சாயாக்கடை முன் நிறுத்தினார். பெண் பார்க்குமுன் மாப்பிள்ளை வீட்டார் இப்படி ஒரு கடையில் உட்கார்ந்து விசாரிப்பது இங்கே வழக்கமாம். கடைக்காரர் லில்லி என்கிற நடுத்தர வயதுப் பெண். பெஞ்சில் லாட்டரிச் சீட்டு விற்பவர் ஒருவர். மூலையில் செய்தித்தாளுக்குப் பின்னால் இன்னொருவர். ஓட்டுநர் உள்ளே நுழையும்போதே, “பையனுக்க அம்மையாக்கும்” என்று அறிவித்துவிட்டார்.

“வில்சனுக்க மவளா? தங்கமான பிள்ளையாக்கும்,” என்றார் லில்லி. “ஞாயித்துக்கெழம சபையில பாட்டுப் பாடும். ஒரு வம்புக்கும் போவாது.”

“எப்ப வந்தா?”

“ரெண்டாழ்ச்ச உண்டு,” என்று வாரக் கணக்குச் சொன்னார் லாட்டரிக்காரர். “அப்பனுக்கு முட்டுல ஆப்பரேசன்லா.”

“வீட்டை விட்டே வெளிய வர்றதில்லையாமே?” என்று ஒன்றை வீசிப் பார்த்தேன்.

“பின்னே, அப்பன ஆரு நோக்கும்?” என்ற லில்லி, சாயாவை நீட்டிக்கொண்டே கேட்டார், “பையனுக்கு என்ன ஜோலி?”

“ஆராய்ச்சி.”

“கவர்மெண்டா?” என்றார் ஓட்டுநர்.

லில்லி, லாட்டரிக்காரர், ஓட்டுநர் மூன்று பேரும் ஒரே சுருதியில் இன்னும் கொஞ்ச நேரம் அவளைப் புகழ்ந்தார்கள். அளந்த புள்ளிகள் எல்லாம் ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். சாயாவுக்குப் பன்னிரண்டு ரூபாய் கொடுத்துவிட்டு, தேவாலயத்துக்குப் பின்னால் போகும் செம்மண் வழியில் நடந்தேன். கூட வரவா என்று கேட்ட ஓட்டுநரை வேண்டாம் என்று அனுப்பினேன்.

வீட்டு வாசலில் எனக்காகவே காத்திருந்ததுபோல ஷைனியின் அம்மா நேசம் நின்றார். மடிப்புக் கலையாத பட்டுச்சேலை. முன்னறை மேசையில் நேந்திரங்காய் வறுவல், பழம், பூப்போட்ட கோப்பைகள். முழங்காலில் கட்டுடன் வில்சன் நாற்காலியில் இருந்தார். அவருக்கு உடம்பு சரியில்லை என்பதையே நான் நம்பாமல்தான் சென்னையிலிருந்து கிளம்பியிருந்தேன். அவர் பக்கத்தில் இன்னொருவர் எழுந்து கும்பிட்டார். எங்கோ பார்த்த முகம்.

“வாருங்க, இரியுங்க,” என்றார் நேசம். “பையன் வரல்லியா?”

உள்ளேயிருந்து வந்த ஷைனி என்னைக் கண்டு நின்றுவிட்டாள்.

“மேடம்.”

“இது உனக்க மேடமா?” நேசத்தின் முகம் விழுந்தது. “அப்பம் மாப்பிள வீடு?”

வில்சன் ஒரு வறுவலை எடுத்துக் கடித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் வந்த வேலையை விடவில்லை. ஷைனியை அடுக்களைப் பக்கம் அழைத்துக் கேட்டேன்.

“பெட்டி எங்கே?”

“இங்கதான் இருக்கு. அரிசி டப்பாவுக்குள்ள. ஈரம் பட்டா கெட்டுரும்லா.”

“ஏன் எடுத்துட்டு வந்த?”

“நான் லீவுல போற முந்தின நாளு எனக்க இழுப்பறைய யாரோ தொறந்தாவ. துண்டு மாறிப்போவும்னு பயம்.”

“நான்தான் திறக்கச் சொன்னேன். சரிபார்க்க.”

“அது தெரியும் மேடம்.”

அவள் குரல் உயரவில்லை. நான் அவளைச் சந்தேகப்பட்ட அதே இரண்டு வாரமும், துண்டை மாற்றப் போவது நான்தான் என்று அவள் சந்தேகப்பட்டிருக்கிறாள். சென்னையில் ஒரே மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள். கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் அது இன்னும் கூடியது.

“அப்ப மியூவான் பதிலுக்கு என்ன சொல்ற?”

“அதுவும் செரியாக்கும். நம்ம பதிலும் செரி. சாயக்கடையில எத்தன பேருகிட்ட விசாரிச்சிய?”

“மூணு பேர்.”

“நாலு பேரு உண்டு. சித்தப்பா ஒண்ணும் பேசாம எழும்பி ஓடி வந்து இங்க சொன்னாவ. அதான் அம்மை சேலை மாத்திச்சு. பேசினவிய சொன்னது ஒண்ணும் பொய்யில்ல மேடம். பேசாதவியள நீங்க எண்ணல்ல.”

முன்னறையில் கும்பிட்டவரின் முகம் அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. செய்தித்தாள்காரர்.

மடிக்கணினியை அரிசி டப்பாவின் மேல் வைத்து அளவீடுகளைத் திறந்தாள். காந்தமாகிவிட்ட பகுதியில் இருக்கும் அணுக்கருக்கள் நாங்கள் கேட்கும் அலைவரிசையில் பதில் தருவதில்லை. பதில் தருவது மீதிப் பகுதி மட்டும்தான்; அது காந்தம் இல்லை என்று உண்மையைத்தான் சொல்லும். மியூவானுக்கு அந்த வேறுபாடு கிடையாது. எல்லா இடத்திலும் விழும், எல்லா இடத்தையும் எண்ணும். எங்கள் சிக்னலில் எவ்வளவு காணாமல் போனது என்று பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். பார்க்க முடியாதபடி, ஒவ்வொரு வெப்பநிலையிலும் எடுத்த சிக்னல் கோடுகள் எல்லாம் ஒரே உயரத்துக்கு இழுத்து வரையப்பட்டிருந்தன.

“அப்படி வரையச் சொன்னது...”

“நீங்கதான். வேண்டாம்னு கூட்டத்துல சொன்னேன். படம் பார்க்க ஒழுங்கா இருக்கணும்னு சொல்லிட்டிய.”

நான் அப்போதும் நம்பவில்லை. இழுக்காத கோடுகளின் பரப்பை நானே கணக்கிட்டேன். வெப்பநிலைக்கான திருத்தம் போட்டேன். மறுபடியும் போட்டேன். குளிரும்போது சிக்னலில் காணாமல் போனது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அடுக்களையில் நின்றபடியே வெளிநாட்டுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்: அனுப்பிய துண்டு சரியானது, தவறு நான் வரையச் சொன்ன படத்தில் இருக்கிறது, கண்டுபிடித்தவள் ஷைனி. அவளிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தாள். நன்றி சொல்லவில்லை.

“எப்ப திரும்பி வர்ற?”

“அப்பா நடக்கட்டும். பொறவு நோக்கலாம்.”

பெட்டியைக் கேட்டேன். கொண்டுவந்து திறந்தாள். சாம்பல் நிறத்தில் அரிசிக் குருணை அளவுத் துண்டுகள். அதில் பாதியை ஒரு சிறு குப்பியில் கொட்டி மூடி, திரும்பவும் அரிசிக்குள் புதைத்தாள்.

“பாதி இங்க இருக்கட்டும் மேடம்.”

ஆய்வகத்துப் பொருள், வீட்டில் வைக்கக் கூடாது என்று சொல்ல வாயெடுத்து, மீதி இருந்த பெட்டியை வாங்கிக்கொண்டேன். நேசம் ஒரு பொட்டலம் வறுவலைக் கையில் திணித்தார். மாப்பிள்ளை வீட்டுக்காக வறுத்தது, எனக்குக் கிடைத்தது.

இங்கிருந்து நெய்யாற்றின்கரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கே போய் ரயில் பிடிக்கலாம் என்றார்கள். பேருந்து நிறுத்தம் சாயாக்கடைக்கு நேர் எதிரே. லில்லி கண்ணாடித் தம்ளரைக் கழுவிக்கொண்டே கூப்பிட்டுக் கேட்டார்.

“பிள்ளையப் பிடிச்சுதா?”

“எங்களுக்குப் பிடிச்சிருக்கு. அவளுக்குத்தான் இன்னும் எங்களைப் பிடிக்கல.”

லில்லி அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

“அந்தப் பிள்ளையும் விசாரிச்சிருக்குமாக்கும்,” என்றார்.

பேருந்து வந்தது. பாதிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.