நாற்பத்தாறு நாள் புகை

பனை ஊமல் புகையின் மணம் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கிழங்கு எடுத்தபின் எஞ்சும் அந்தக் காய்ந்த கொட்டையைச் சிரட்டைக் கரியின்மேல் போட்டால் முதலில் கண் எரியும்... பிறகு பனங்கட்டி காய்ச்சும் இடத்தில் நிற்பதுபோல ஓர் இனிப்பு மெல்ல எழும். அதன்மேல் பன்றிக் கொழுப்பு ஒரு சொட்டு விழுந்து சீறினால் கீரிக் கடற்கரைவரை மணக்கும்.

இது நடந்து பதினொரு ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் ஆகின்றன. பத்து ஆண்டுகள்தான் என்று என் மனைவி சொல்வார். அது பிழை.

மனைவியின் தம்பி சவிரி அப்போது எங்களுடன் இருந்தான். தமிழ்நாட்டு அகதி முகாமில் இளமையைக் கழித்துவிட்டுத் திரும்பி, படகு இயந்திரம் திருத்திக்கொண்டிருந்தான். வயது நாற்பத்துநான்கு. மூன்று சம்பந்தங்கள் தட்டிப்போயின. நான்காவதாக வந்தது வங்காலைப் பள்ளிக்கூடத்து ரெஜினா ரீச்சர். தாய் தகப்பன் இல்லை; பெரியம்மா மதலேனம்மாவின் சொல்தான் முடிவு.

"இதுவும் போனால் இனிக் கேக்க வேண்டாம், அத்தான்," என்றான் சவிரி.

விருந்து வைப்பதென்றும், வீட்டிலேயே பன்றி இறைச்சியைப் புகை போட்டு வாட்டுவதென்றும் தீர்மானித்தோம். திகதி குறிப்பது, அரசாங்கக் கச்சேரியில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற என் பொறுப்பு. புதன்கிழமை என்று தொலைபேசியில் சொன்னேன்.

"புதன்கிழமையோ? நல்லது. உங்களை மாதிரி ஆக்கள் இப்ப குறைவு," என்றார் மதலேனம்மா.

என் ஒழுங்கைப் பாராட்டுகிறார் என்று எண்ணி மகிழ்ந்தேன்.

ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்கியதும், அறிவித்தல்களுக்கு முன்பே எழுந்து இறைச்சிக் கடைக்குப் போனேன். வழக்கத்தைவிட இரு மடங்கு கூட்டம். ஏன் என்று நான் யோசிக்கவில்லை. உப்பு, மிளகு, உள்ளிப்பூண்டு, பனங்கள்ளைப் புளிக்கவைத்த வினாகிரி... இரண்டு நாள் ஊறவைத்தோம். புதன் அதிகாலை ஐந்து மணிக்குப் பழைய எண்ணெய்ப் பரலுக்குள் தொங்கவிட்டு, அடியில் நெருப்பு மூட்டினோம்.

பத்து மணிக்கு வரவேண்டியவர்கள் பத்து ஐந்துக்கு வந்தார்கள். ஓட்டோவிலிருந்து இறங்கிய இருவரின் நெற்றியிலும் சாம்பல் சிலுவை.

திருநீற்றுப் புதன். தவக்காலத்தின் முதல் நாள். இறைச்சியைத் தொடவே கூடாத நாள்.

தொலைபேசியில் அவர் பாராட்டியது என் ஒழுங்கையல்ல, என் பக்தியை என்று அப்போதுதான் விளங்கியது. சவிரியோ இடுக்கியும் கையுமாகச் சிரித்த முகத்துடன் பின்வளவிலிருந்து வந்தான்.

"என்ன மணம் இது?" என்றார் மதலேனம்மா.

"பன்றி, அம்மா. விடிய அஞ்சு மணியில இருந்து..." அப்போதுதான் அவன் அவர்களின் நெற்றியைக் கண்டான்.

"இண்டைக்கு என்ன நாளெண்டு தெரியுமோ, தம்பி?"

"அத்தான்தான் திகதி வைச்சவர்," என்று தயக்கமே இல்லாமல் என்னைக் காட்டிக்கொடுத்தான்.

நான் விளக்கினேன். புதிய நாட்காட்டி இரும்புக்கடையில் தந்தது. அதில் திருநாட்கள் இல்லை. ஆகவே சுவரில் தொங்கிய பங்குக் கோயில் நாட்காட்டியைப் பார்த்தேன். அது சென்ற ஆண்டினது. அதன்படி தவக்காலத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. வீட்டில் திருத்துவதற்கு மனைவியும் இல்லை. மகளின் பிள்ளைப்பேற்றுக்காக வவுனியா போயிருந்தார்.

"ஐயா கச்சேரியில எத்தினை வருஷம் வேலை செய்தனீங்கள்?" என்றார் மதலேனம்மா.

"முப்பத்துமூன்று வருஷமும் நாலு மாதமும்."

"அரசாங்கம் தப்பினதே பெரிய காரியம்."

ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பாண் ரொட்டியும் பச்சைத்தண்ணியும் கொடுத்தோம். அதை அவர்கள் மரியாதையாகவே சாப்பிட்டார்கள்.

புறப்படும்போது சவிரியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மதலேனம்மா பரலைத் திறந்து பார்த்தார்.

"இது கிடக்குமோ?"

"மெல்லிசா வெட்டி, இன்னும் உப்புப் போட்டு, ஒவ்வொரு நாளும் புகை காட்டினால் கிடக்கும், அம்மா."

"பிரிட்ஜ் இல்லாமல்?"

சவிரி பரலை மூடினான். "இல்லாமல்."

"அப்ப தவக்காலம் முடிஞ்சு உயிர்த்த ஞாயிறு வாறம். இது பழுதாகாமல் இருந்தால் மற்றதைக் கதைப்பம்."

நாற்பது நாள் தவக்காலம் என்பார்கள். ஞாயிறுகளையும் சேர்த்தால் நாற்பத்தாறு. அத்தனை நாளும் சவிரி வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்தபின் ஒரு தடவை ஊமல் மூட்டினான். காகத்துக்குப் பழைய வலை கட்டினான். எதிர்பாராமல் இரண்டு நாள் மழை பெய்து ஒரு துண்டில் பூஞ்சணம் படர்ந்தபோது, அதை எறிந்துவிட்டு, மற்ற ஒவ்வொன்றையும் வினாகிரியால் துடைத்தான். அன்று அவன் சாப்பிடவில்லை.

இறைச்சி எப்படியிருக்கிறது என்று ரெஜினா முதல் வாரம் தொலைபேசியில் கேட்டார். மூன்றாம் வாரத்தில் இறைச்சியைப் பற்றிய பேச்சே இல்லை... ஆனால் அழைப்பு மட்டும் நாற்பது நிமிடம் நீடித்தது.

உயிர்த்த ஞாயிறன்று வந்தார்கள். முதல் நாளே நீரில் ஊறவைத்து உப்பைக் குறைத்து, தணலில் வாட்டினோம். மதலேனம்மா ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். வெகுநேரம் மென்றார்.

"உப்புக் கூட," என்றார்.

சவிரி தலை குனிந்தான்.

"இன்னும் ரெண்டு துண்டு வையுங்கோ, தம்பி. கலியாண எழுத்தை எப்ப வைப்பம்?" பிறகு என் பக்கம் திரும்பினார். "திகதி ஐயா பாக்க வேண்டாம்."

இப்போது சவிரியும் ரெஜினாவும் எங்கள் தெருவுக்கு அடுத்த ஒழுங்கையில் இருக்கிறார்கள். மதலேனம்மா காலமாகி மூன்று ஆண்டுகள். சவிரியிடம் மூடிவைத்த புதுமாதிரி அடுப்பும் வெப்பமானியும் உண்டு. சனிக்கிழமைகளில் ஆறு மணித்தியாலத்தில் புகைபோட்டு முடித்துவிடுகிறான். இறைச்சி பஞ்சுபோல இருக்கிறதாம். அந்த ஆண்டினதோ பல்லுக்கு நன்றாக வேலை வைத்தது...

இருக்கிறதாம் என்றுதான் சொல்ல முடியும். எனக்கு வைத்தியர் உப்பையும் கொழுப்பையும் தடுத்துவிட்டார். ஆனாலும் சனிக்கிழமைகளில் போய், காற்றோடு புகை வரும் பக்கம் பார்த்துக் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். புகையைப் பற்றி வைத்தியர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.