பன்னீர்ச் செம்பில் பாரிஸ் சென்ட்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் லூசி அக்காவின் மகள் போன் செய்தாள். "அம்மா போய்ட்டாங்க சித்தி. தலைய சீவி, பவுடர் போட்டு, கண்ணாடிய கையில வெச்சிகினே போய்ட்டாங்க" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அதற்கு முன்னால் பெருமைதான் வந்தது. சீவாத தலையோடு சாக அக்கா சம்மதித்திருக்க மாட்டார்.

நம் பிளாக்கில் குடியிருந்தவர்களுக்கு அவரை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாண்டிச்சேரியில் பிறந்தவர், அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். சுரங்கத்தில் வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டு நெய்வேலிக்கு வந்தார். கொடியில் காயும் துணியில் கரித்தூள் படிகிற ஊரில், வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போவார். பிரெஞ்சுப் பட நடிகையைப் பார்த்து, காதோடு முடியை வெட்டிக்கொண்டு வந்த அன்று பால் பூத்தில் சிரித்தவர்கள் யார் யார் என்று எனக்கு மறக்கவில்லை. அவர்களே பிறகு அவரிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்தார்கள். "மூச்ச புடிக்காத. உன் உடம்புக்குதான் துணி, துணிக்கு உடம்பு இல்ல" என்று அளவெடுப்பார்.

சாயங்காலமானால் அவர் வீட்டு டேப்ரெக்கார்டரில் பிரெஞ்சுப் பாட்டு கேட்கும். தொண்டை கட்டினது போல ஒருத்தி பாடுவாள்.

"என்னாக்கா சொல்றா?"

"அவன் வரல, நான் லிப்ஸ்டிக்க அழிக்கலன்றா."

வீட்டுக்காரர் இறந்த பிறகு அக்காவும் அழிக்கவில்லை. அதற்கும் பேசினார்கள்.

என் மகள் கல்யாணத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருஷம்தான் என் வீட்டுக்காரர் போயிருந்தார். மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்ற நாத்தனார், "நீங்க உள்ளார இருங்க அண்ணி. வாசல்ல நிக்க நாங்க இருக்கோம்" என்றாள். நான் போய்ச் சமையல்கட்டில் உட்கார்ந்தேன். அக்கா தேடிக்கொண்டு வந்தார்.

"யாரு கல்யாணம் இது?"

"என் பொண்ணு கல்யாணம்க்கா."

"அப்ப ஏன் வெங்காயத்தோட உக்காந்துகினு இருக்க?"

கைப்பையிலிருந்து, அவர் தம்பி பாரிஸிலிருந்து கொண்டுவந்த சென்ட் பாட்டிலை எடுத்தார். என் மணிக்கட்டில் ஒரு சொட்டு, காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு. "தேய்க்காத, வாசம் செத்துடும். இது புருஷன் குடுத்துட்டு திருப்பி எடுத்துகினு போறது இல்ல, உன்து" என்றார். கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தார்.

நாத்தனார் மூக்கைச் சுளித்தாள். "இதுல சென்ட்டு வேறயா? யாரு மேலேந்து வாசன வருதுன்னு சபையில கேட்டா என்னா சொல்லுவீங்க?"

அக்கா அவள் கையிலிருந்த செம்பை வாங்கி, மூடியைத் திருகி, பாட்டில் முழுவதையும் அதற்குள் கவிழ்த்தார். செம்பை என் கையில் கொடுத்தார்.

"தெளி. யாரு மேலேந்து வருதுன்னு இனிமே எவ கண்டுபுடிக்கிறான்னு பாக்கலாம்."

சம்பந்தி வீட்டார் மேலும், ஷிப்ட் முடித்து நேராக வந்தவர்கள் மேலும், நாத்தனார் மேலும் தெளித்தேன். மண்டபமே ஒரே வாசனை. இந்தப் பன்னீர் எந்தக் கடையில் கிடைக்கும் என்று சம்பந்தியம்மா கேட்டார்.

அக்காவைப் பெட்டியில் வைத்தபோது மகள் லிப்ஸ்டிக்கோடு தயங்கி நின்றாள். "சாவு மொகத்துக்கு எதுக்கு சாயம்?" என்றது ஒரு குரல். யாரென்று திரும்பிப் பார்த்து வைத்துக்கொண்டேன். பிறகு நானே பூசினேன், நடுவிலிருந்து ஓரத்துக்கு, அவர் பூசுகிற மாதிரியே. ஊரே பார்க்கட்டும் என்று நகர்ந்து நின்றேன். அவ்வளவு அழகு.

செம்பைப் பிடித்தால் நடுங்காத கை, அதுதான் அவர் எனக்கு விட்டுப்போனது. அடுத்த மாதம் பேத்திக்குக் கல்யாணம். வாசலில் நான்தான் நிற்பேன். நாத்தனாருக்கும் பத்திரிகை வைத்திருக்கிறேன். வரட்டும். அவள் மேல் கொஞ்சம் கூடுதலாகவே தெளிப்பேன்.