நோலாவும் என் வீட்டுக் கதவும்

உள்ளதைச் சொன்னதற்காக நோலா ஸ்ட்ரேக் என்னைக் கோர்ட்டில் கவிழ்த்துவிட்டாள். அவள் செத்துப்போன பிறகும் அந்தக் கோபம் எனக்கு முழுசாகப் போகவில்லை.

எங்கள் ஊர் மளிகைக் கடையில் இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தவள் நோலா. அகலமான தோள், ஆண்பிள்ளைக் குரல். கடை நேரம் போகக் கோர்ட்டில் சம்பளமில்லாத வேலை ஒன்று பார்த்தாள். வீட்டில் அடிபட்ட குழந்தைக்கென்று நீதிபதி ஒரு ஆளைப் போடுவார். அந்த ஆள் குழந்தையைப் போய்ப் பார்த்து, சுற்றியிருப்பவர்களை விசாரித்து, அது எங்கே இருந்தால் நல்லது என்று சொல்ல வேண்டும். என் தம்பி கர்டிஸ் குடித்துவிட்டுத் தன் மகள் மார்லியின் கையை உடைத்தான். மார்லிக்காக வந்தவள் நோலா.

பிள்ளையை என்னிடம் கொடுங்கள் என்று கேட்டேன். அறைக்குப் பெயிண்ட் அடித்தேன். கட்டில் வாங்கிப் போட்டேன். நோலா வந்து எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு சமையலறையில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டாள்.

"கர்டிஸ் வந்து கதவைத் தட்டினா என்ன செய்வே, ரஸ்?"

"தொறப்பேன். கூடப் பொறந்தவனாச்சே. காப்பி குடுப்பேன். வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

நோலா கோர்ட்டில் எழுந்து நின்று, "வீடு நல்ல வீடு. ஆளும் நல்லவர். ஆனா இப்போதைக்குப் பிள்ளை அங்க வேண்டாம்" என்றாள். மார்லி பக்கத்து ஊரில் ஒரு வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனாள். ஞாயிறு மதியங்களில் மட்டும் அவள் என்னோடு இருக்கலாம் என்றார்கள். நல்ல ஆள் என்றால் ஏன் வேண்டாம்? பொய் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பார்களா?

சனிக்கிழமை தவறாமல் அவள் முன்னால்தான் வரிசையில் நிற்பேன். ஊரில் வேறு இறைச்சிக் கடை கிடையாது.

"மார்லி என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

"எவ்வளவு கனமா வெட்டட்டும்?"

"ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?"

"அது நீதிபதி காதுக்கு, கண்ணு. உனக்குப் பன்றித் தொடை மட்டுந்தான். கனமாவா, மெலிசாவா?"

"கனமாவே போடு நோலா," என்றார் பின்னால் நின்ற ஓட்டிஸ் கிழவர். "இவன் மண்டைக்குப் பொருத்தமா."

கடைக்கு வரும் எல்லாப் பிள்ளைக்கும் நோலா ஒரு துண்டு பாலாடைக்கட்டி இலவசமாகக் கொடுப்பாள். நான் மார்லியைக் கூட்டிக்கொண்டு போனால் மட்டும் கொடுக்க மாட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஏன் என்று கேட்டேன். "தின்னக் குடுத்துட்டு அப்புறம் அவகிட்டக் கேள்வி கேட்டா, எனக்குப் பிடிச்ச பதிலத்தானே சொல்லுவா?" என்றாள். இது என்ன நியாயமோ, எனக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்லி என்னோடு இருக்கும்போது கர்டிஸ் வந்து கதவைத் தட்டினான். குரல் கேட்டதும் மார்லி துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டாள். நான் கைப்பிடியில் கை வைத்தேன். அதற்கு மேல் திருக வரவில்லை. எடுக்கவும் வரவில்லை. அவன் திட்டிவிட்டுப் போகும்வரை அப்படியே நின்றேன்.

நடந்ததை நோலாவிடம் சொன்னேன். "ஒண்ணும் செய்யல. மரம் மாதிரி நின்னேன்."

அவள் தராசுப் பக்கம் திரும்பி வெகுநேரம் எதையோ துடைத்தாள்.

அடுத்த விசாரணையில், "இப்ப பிள்ளைய ரஸ் வீட்டுக்கு அனுப்பலாம்" என்றாள். நீதிபதியும் அனுப்பிவிட்டார்.

அதே வீடு, அதே ஆள், அதே கட்டில். பதில் சொன்னபோது வேண்டாம் என்றவள், முழித்துக்கொண்டு நின்றதற்குச் சரி என்கிறாள்! ஓட்டிஸிடம் கேட்டேன். சிரித்தார், அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை மார்லியையும் கூட்டிக்கொண்டு போனேன். வழக்கு முடிந்துவிட்டதால் நோலா பாலாடைக்கட்டியைப் பெரிய துண்டாக வெட்டி அவள் கையில் கொடுத்தாள். பிறகு மூச்சு வாங்க மேடையைச் சுற்றி என் பக்கம் வந்தாள். நுரையீரல் அப்போதே கெட்டிருந்தது. அந்த நாளுக்குப் பிறகு அவள் கடைக்கு வரவில்லை.

"ரஸ், எனக்காக ஒண்ணு செய்."

"சொல்லுங்க."

"இனிமே யாரு தட்டினாலும், தொறக்குறதுக்கு முன்னாடி மார்லிகிட்ட ஒரு வார்த்தை கேளு."